விடுவதற்காகப் பிடித்தல்: காபனீரொட்சைட்டும் நுண்துளைத் திண்மங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புச் சூளையைக் கண்டவர்கள் இக்கட்டுரையின் பொருளிற் பாதியை ஏற்கெனவே அறிந்தவர்கள். சுண்ணக்கல்லை அடுக்கி விறகிட்டு எரிக்கும்போது அக்கல் தன்னுட் பிணைத்து வைத்திருந்த காபனீரொட்சைட்டை விட்டுவிடுகின்றது. எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதனை நீரிற் கலந்து சுவரிற் பூசினால், அது வளியிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல மீளப் பிடித்து மறுபடியும் கல்லாகின்றது. 1750களில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த யோசப் பிளாக் இவ்வாயுவைப் பிரித்தறிந்தபோது அதற்கு 'நிலைப்பட்ட வளி' என்று பெயரிட்டார். திண்மம் ஒன்றினுள் நிலைப்பட்டிருந்து வெப்பத்தினால் வெளிவருவது என்னும் பொருளிலேயே அப்பெயர் இடப்பட்டது.

ஆகவே காபனீரொட்சைட்டைப் பிடிப்பது அரிய வித்தையன்று. சுண்ணாம்பு பூசிய எந்தச் சுவரும் அதனைச் செய்கின்றது. பிடித்ததை மலிவான வெப்பத்தில் விடச்செய்து, பிடித்த பொருளையே மறுபடியும் மறுபடியும் பல்லாயிரம் முறை பயன்படுத்துவதுதான் அரிது. மனித சமுதாயம் சுவட்டு எரிபொருள்களை எரிப்பதால் ஆண்டுதோறும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 37,000 மில்லியன் தொன். ஒருமுறை பிடித்துவிட்டு வீசப்படும் பொருளைக் கொண்டு இதனைத் தீர்க்க முனைந்தால், அப்பொருளும் அதே அளவில் ஆண்டுதோறும் தோண்டப்பட வேண்டும். அதனைத் தோண்டவும் சுடவும் இன்னும் எரிக்க வேண்டும். எனவே பிடிக்கும் பொருள் விடவும் வேண்டும். சுண்ணக்கல்லோ எளிதில் விடுவதில்லை. ஒரு மூல் காபனீரொட்சைட்டை அதிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 178 கிலோயூல் வெப்பமும், 900 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பநிலையும் தேவை. பிணைப்பு அத்துணை வலிது.

இதற்கு நேர்மாறான எல்லையிலும் எமக்கு அறிமுகமான பொருள் ஒன்றுண்டு. அது சிரட்டைக்கரி. நீராவியைச் செலுத்தி உயர்ந்த வெப்பநிலையில் உயிர்ப்பூட்டப்பட்ட சிரட்டைக்கரியின் ஒரு கிறாமினுள் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர் மேற்பரப்பு சுருண்டு கிடக்கின்றது. முதலாம் உலகப் போரில் நச்சுவாயுக் கவசங்களுக்காகத் தேடப்பட்ட இக்கரி, இன்று இலங்கையின் ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று. அதன் துளைச் சுவர்களிற் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள் வந்து ஒட்டுகின்றன. சிறிது சூடாக்கினாலோ அமுக்கத்தைக் குறைத்தாலோ போய்விடுகின்றன. விடுவதில் இதற்கு நிகரில்லை. ஆனால் பிடிப்பதில் அது தராதரம் பார்ப்பதில்லை. நைதரசனையும் ஓரளவு சேர்த்தே பிடிக்கின்றது. கடந்த முப்பது ஆண்டுகளாக உலகின் ஆய்வுகூடங்கள் பலவற்றில் நடைபெற்றுவரும் முயற்சியை, சுண்ணாம்புக்கும் சிரட்டைக்கரிக்கும் இடையிலான ஒரு பொருளைத் தேடும் முயற்சி என்று சுருங்கக் கூறலாம்.

பிரச்சினையின் இயல்பைச் சற்று நுணுகி நோக்குவோம். நிலக்கரி மின்நிலையமொன்றின் புகைபோக்கியினூடாக வெளியேறும் வாயுவில் காபனீரொட்சைட்டு 12 முதல் 15 வீதம் வரையே உண்டு. பெரும்பங்கு நைதரசன், அதனோடு நீராவி, எரியாது எஞ்சிய ஒட்சிசன், சிறிதளவு கந்தகவீரொட்சைட்டு, நைதரசனின் ஒட்சைட்டுக்கள். இயற்கைவாயுச் சுழலியின் புகையில் அது 3 முதல் 5 வீதம். நாம் சுவாசிக்கும் வளியிலோ 0.04 வீதம் மாத்திரமே. சல்லடையைப் போல அளவைக்கொண்டு பிரிக்கலாம் என்றால், காபனீரொட்சைட்டு மூலக்கூறின் குறுக்களவு 0.33 நனோமீற்றர், நைதரசனுடையது 0.36 நனோமீற்றர். இத்துணைச் சிறிய வேறுபாட்டை நம்பிப் பெருந்தொழில் நடத்த முடியாது. ஆகவே அளவை விடுத்து இயல்பை நாட வேண்டியதாயிற்று. காபனீரொட்சைட்டின் இரு முனைகளிலுமுள்ள ஒட்சிசன் அணுக்கள் இலத்திரன்களைத் தம்பால் இழுப்பதனால் நடுவிலுள்ள காபன் அணு இலத்திரன் வறுமையுற்று நிற்கின்றது. இலத்திரன் வழங்கும் மூல இயல்புடைய பொருள் எதுவும் அக்காபனைத் தாக்கிப் பிணையும். நைதரசன் வாயுவுக்கு இவ்வறுமை இல்லை. பிரித்தறியும் இரசாயனம் முழுவதும் இவ்வொரு வேறுபாட்டின்மேல் எழுந்தது.

இவ்வறிவு புதியதன்று. அமீன்கள் எனப்படும் சேதன மூலங்களின் நீர்க்கரைசலிற் காபனீரொட்சைட்டை அகத்துறிஞ்சி, பின் சூடாக்கி வெளியேற்றும் முறைக்கு ஆர். ஆர். பொட்டம்ஸ் என்பவர் 1930இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். இயற்கைவாயுவைத் தூய்மை செய்யும் தொழிலில் அன்றுதொட்டு அது வழக்கிலுள்ளது. நோர்வேயின் சிலைப்னர் வாயு வயலில் 1996 முதல் இம்முறையாற் பிரிக்கப்பட்ட காபனீரொட்சைட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் தொன் வரையில், கடலடிப் பாறைகளினுள் செலுத்தப்பட்டு வந்துள்ளது. நோர்வே 1991இல் விதித்த காபன் வரியே இதற்குத் தூண்டுகோல் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறாயின் புதிய பொருள் எதற்கு? கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். வழமையான கரைசலில் நிறைப்படி 30 வீதமே எதனோலமீன். எஞ்சிய 70 வீதம் நீர். ஒரு தொன் காபனீரொட்சைட்டை அமீனிடமிருந்து விடுவிக்கப் பிணைப்பை முறிக்கும் வெப்பம் மாத்திரம் ஏறத்தாழ 1.9 கிகாயூல். ஆனால் நடைமுறையிற் செலவாவது 3.5 முதல் 4 கிகாயூல் வரை. மீதி, ஏறக்குறையச் சரிபாதி, நீரை 120 பாகைக்குச் சூடாக்குவதிலும் அதன் ஒரு பகுதியை ஆவியாக்குவதிலும் கரைந்துபோகின்றது. ஒரு தொன் காபனீரொட்சைட்டை உண்டாக்குமளவு நிலக்கரியை எரிக்கும்போது கிடைக்கும் வெப்பமே 10 கிகாயூலைச் சிறிது விஞ்சும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. தணிந்த வெப்பநிலை நீராவியைப் பயன்படுத்துவதால் மின்னிழப்பு அந்த விகிதத்தில் அமைவதில்லை. எனினும் நிலையத்தின் உற்பத்தியில் ஐந்திலொன்று முதல் நான்கிலொன்று வரை, சிலவேளை அதற்கு மேலும், பறிபோகும். இலங்கையில் 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாற்று. அதற்கு இம்முறையைப் பூட்டினால் ஏறத்தாழ 200 மெகாவாற்று பிடிப்பதற்கே போய்விடும். இதற்கு மேலாக, எதனோலமீன் இரும்பை அரிக்கும், ஒட்சிசனாற் சிதையும், ஒரு பகுதி ஆவியாகி வெளியேறும்.

அமீனை வைத்துக்கொண்டு நீரை அகற்றிவிட்டால் என்ன? இரசாயனவியலாளர் கேட்ட கேள்வி இதுதான். நீருக்குப் பதிலாகத் திண்மமொன்றின் துளைச் சுவர்கள் அமீனைத் தாங்கினால், சூடாக்க வேண்டிய நீர் இராது. சிலிக்காவின் வெப்பக் கொள்ளளவு நீரினுடையதில் நான்கிலொன்று அளவே. மேற்பரப்பில் ஒட்டும் இந்நிகழ்ச்சியைப் புறத்துறிஞ்சல் என்பர்.

துளைத் திண்மங்களுட் பழம் புகழ் பெற்றவை சியோலைற்றுக்கள். 1756இல் சுவீடன் நாட்டுக் கனியவியலாளர் குரொன்ஸ்ரெட், சூடாக்கும்போது நீராவி பொங்கி வெளிவரும் கல்லொன்றைக் கண்டு 'கொதிக்கும் கல்' எனக் கிரேக்கத்திற் பெயரிட்டார். அலுமினியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த அவற்றின் கூடுகளினுள் சோடியம் முதலிய அயன்கள் உறைகின்றன. அவ்வயன்களின் மின்புலம் காபனீரொட்சைட்டை நைதரசனிலும் வலிதாக ஈர்க்கும். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் விண்வெளிவீரர் வெளிவிடும் மூச்சிலிருந்து இவ்வாயுவை நீக்குவன சியோலைற்றுப் படுகைகளே. ஆனால் அங்கும் வளியை முதலில் உலர்த்திய பின்னரே அப்படுகைகளுக்கு அனுப்புகின்றனர். காரணம், அதே மின்புலம் நீரை இன்னும் வலிதாக ஈர்க்கின்றது. புகைவாயுவோ நீராவி நிரம்பியது. பெயரே கொதிக்கும் கல்லாக இருக்க, நீரை விடுத்துக் காபனீரொட்சைட்டைப் பிடிக்குமாறு அதனை வேண்டுவது நியாயமாகாது.

1992இல் மோபில் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர் எம்.சி.எம்.-41 எனப்படும் சிலிக்காவை வெளியிட்டனர். சவர்க்காரத்தையொத்த மூலக்கூறுகள் நீரில் உருளைகளாகத் திரள, அவ்வுருளைகளைச் சுற்றிச் சிலிக்கா படிந்து, பின்னர் உள்ளிருக்கும் சேதனப் பொருள் எரித்து நீக்கப்படத் தேன்கூடு போன்ற ஒழுங்கான நெடுந்துளைகள் எஞ்சுகின்றன. துளையின் அகலம் சில நனோமீற்றர். 1998இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ஆக்கப்பட்ட எஸ்.பி.ஏ.-15 இன்னும் அகன்ற துளைகளும் தடித்த சுவர்களும் கொண்டது. அமீன் புகுந்து குடியிருக்கத்தக்க இடம் அப்போதுதான் கிடைத்தது எனலாம்.

குடியேற்றும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, துளைகளினுள் அமீன் நிறைந்த பல்பகுதியம் ஒன்றை வெறுமனே ஊறவைப்பது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுன்சான் சொங் குழுவினர் 2002இல் பொலியெதிலீனிமீனை எம்.சி.எம்.-41இன் துளைகளில் நிரப்பி, அதனை 'மூலக்கூற்றுக் கூடை' என அழைத்தனர். அவர்கள் கண்ட வியப்பான செய்தி, அப்பொருள் அறை வெப்பநிலையிலும் பார்க்க 75 பாகையில் மிகுதியாகப் பிடித்தது என்பதாகும். புறத்துறிஞ்சல் வெப்பம் உமிழும் நிகழ்ச்சியாதலின் சூடு ஏறப் பிடிப்புக் குறைய வேண்டும் என்பதே பாடநூல் விதி. ஆயின் இங்கு பல்பகுதியச் சங்கிலிகள் குளிரில் அடர்ந்து கிடந்து வாயுவுக்கு வழிவிடவில்லை. சூட்டில் நெகிழ்ந்து வழிவிட்டன. பிடிக்கும் இடங்கள் எத்தனை என்பதோடு, அவ்விடங்களைச் சென்றடைய முடியுமா என்பதும் கணக்கிற் சேர வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் இங்கு கற்றனர். மற்றைய வழி, அமீன் தாங்கிய சிலேன் மூலக்கூறுகளைச் சிலிக்காச் சுவரிலுள்ள ஐதரொட்சில் கூட்டங்களோடு இரசாயனப் பிணைப்பாற் கட்டிவிடுவது. இதிற் பிடிப்பளவு பெரும்பாலும் குறைவு. ஆனால் அமீன் ஆவியாகி ஓடாது.

துளையினுள் நிகழும் தாக்கம் நுண்ணியது. அமீனின் நைதரசன் தனது தனிச்சோடி இலத்திரன்களைக் காபனீரொட்சைட்டின் காபனுக்கு வழங்குகின்றது. அதனால் நைதரசனில் மிகையாகும் ஐதரசன் அயனை ஏற்றுக்கொள்ள அண்டையில் இன்னோர் அமீன் வேண்டும். ஆகவே உலர்ந்த நிலையில் ஒரு காபனீரொட்சைட்டுக்கு இரண்டு அமீன்கள் செலவாகிக் காபமேற்று உண்டாகின்றது. ஈரம் இருப்பின் நீர் குறுக்கிட்டு, ஓர் அமீனுக்கு ஒரு காபனீரொட்சைட்டு என்னும் விகிதத்தில் இருகாபனேற்று உண்டாகவும் இடமுண்டு. சியோலைற்றுக்குப் பகையான நீர் அமீனுக்கு நட்பாவது இவ்வாறே. இப்பிணைப்பின் வெப்பம் பொதுவாக மூலுக்கு 60 முதல் 100 கிலோயூல் வரை. கரியிலும் சியோலைற்றிலும் நிகழும் பௌதிகப் புறத்துறிஞ்சலுக்குப் பெரும்பாலும் 25 முதல் 45 வரை. சுண்ணாம்புக்கு 178 என்பதை மறவாதிருப்போம். நாம் தேடிய இடைநிலம் இதுவே.

எனினும் இடைநிலத்துக்குரிய இடர்களும் உண்டு. பிடித்த வாயுவைத் தூய நிலையிற் சேகரிக்க வேண்டுமாயின், சூடாக்கும்போது திண்மத்தைச் சூழ்ந்திருப்பதும் காபனீரொட்சைட்டாகவே இருக்க வேண்டும். உலர்ந்த, சூடான காபனீரொட்சைட்டில் அமீன்கள் காபமேற்று நிலையோடு நில்லாது, நீரை இழந்து யூரியாப் பிணைப்புக்களாக மாறுகின்றன. அவை மீளா; அந்த அமீன் செத்ததாகவே கொள்ள வேண்டும். ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தின் அப்துல்ஹமித் சயாரி 2010இல் இதனைத் தெளிவுபடுத்தியதோடு, வாயுவிற் சிறிதளவு ஈரம் இருந்தால் இச்சிதைவு தடைப்படும் எனவும் காட்டினார். ஒட்சிசனும் சூடும் சேர்ந்தால் வேறொரு சிதைவு. கந்தகவீரொட்சைட்டு வந்தாலோ அது காபனீரொட்சைட்டிலும் வலிய அமில வாயு. அமீனை இறுகப் பற்றிக்கொண்டு அகல மறுக்கும். ஆய்வுக் கட்டுரைகள் பல, தூய உலர்ந்த வாயுவில் பத்துச் சுற்றுக்கள் நடத்தி வெற்றி அறிவித்து நின்றுவிடுகின்றன. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றென்று கொண்டாலும் ஓராண்டில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுக்கள் உள்ளன. புகைபோக்கியோ தூய வாயுவை வெளிவிடுவதில்லை. பத்தாவது சுற்றின் பிடிப்பளவைச் சொல்லும் கட்டுரையிடம் ஆயிரமாவது சுற்றைப் பற்றிக் கேட்பது வாசகரின் உரிமை.

சிலிக்காவின் சுவர்களில் அமீன்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே உள்ளது என்பது எவருக்கும் தெரியாது. அணுவுக்கணு இடமறிந்து கட்டப்பட்ட துளைத் திண்மம் உலோகச் சேதனச் சட்டகம். உலோக அயன்களை மூலைக் கற்களாகவும் சேதன மூலக்கூறுகளைக் கோல்களாகவும் கொண்டு எழுப்பப்படும் பளிங்குக் கட்டடம் அது. அவுஸ்திரேலியாவில் றிச்சாட் றொப்சன் 1989இல் இதற்கான சிந்தனையைத் தொடக்கினார். யப்பானில் சுசுமு கிற்றகாவா 1997இல் வாயுக்கள் புகுந்து வெளிவரத்தக்க சட்டகத்தை ஆக்கினார். ஒமர் யாகி 1999இல் எம்.ஓ.எஃப்.-5 எனும் உறுதியான சட்டகத்தை வெளியிட்டார். பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில் யோர்தானின் அம்மான் நகரிற் பிறந்தவர் யாகி. இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வினத்திற் சில, ஒரு கிறாமுக்கு 7,000 சதுர மீற்றர் மேற்பரப்பை எட்டியுள்ளன. அது ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் பரப்பு. இவ்வெண் செய்தித்தாள்களுக்கு உவப்பானது. ஆயினும் மேற்பரப்பின் பெருமை உயர் அமுக்கத்திலேயே பயன்தரும். ஐதான புகைவாயுவில் வேண்டுவது தகுந்த வலுவுடைய பிடிமானம். வெறும் பரப்பு அதனைத் தராது.

பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி லோங் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எமக்கு மிகவும் பிடித்தமானது. மகனீசியச் சட்டகமொன்றின் துளைகளுள் உலோக அயன்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஈரமீன் மூலக்கூறொன்று ஒரு முனையாற் கட்டப்பட்டுத் தொங்குகின்றது. காபனீரொட்சைட்டு வரும்போது அது அமீனின் நுனியில் ஒட்டுவதில்லை. உலோகத்துக்கும் நைதரசனுக்கும் இடையிலான பிணைப்பினுள் நுழைந்து தன்னைச் செருகிக்கொள்கின்றது. அச்செருகலால் அடுத்த அமீனின் நிலை மாற, அதன் பிணைப்புத் தளர்ந்து இரண்டாவது மூலக்கூறு எளிதில் நுழைகின்றது, பின் மூன்றாவது. இவ்வாறு துளையின் நெடுகிலும் ஒரு சங்கிலி ஓடுகின்றது. ஈமோகுளோபின் முதல் ஒட்சிசன் மூலக்கூறைப் பெற்றபின் அடுத்தவற்றை எளிதாகப் பெறும் கூட்டுறவுத் தன்மையை இது நினைவூட்டும்.

இதன் பயன் யாது? சாதாரணப் பொருளின் பிடிப்பளவு அமுக்கத்தோடு படிப்படியாக வளைந்து ஏறும். எனவே விடுவிக்கும்போது கடைசிப் பங்கை வெளியேற்ற அதிக வெப்பம் வேண்டும். இச்சட்டகமோ குறித்த ஓர் அமுக்கம் வரை ஏறக்குறைய ஒன்றும் பிடிக்காது, அதனைத் தாண்டியதும் திடீரென நிரம்புகின்றது. வெப்பநிலையைச் சிறிது உயர்த்தினால் அவ்வாசல் அமுக்கம் மேலேற, அதே வேகத்தில் வெறுமையாகின்றது. பிடித்தலுக்கும் விடுதலுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு இதனாற் சுருங்குகின்றது. உலோகத்தை மாற்றியும் ஈரமீனை மாற்றியும் அந்த வாசலை வேண்டிய அமுக்கத்தில் வைக்கலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு.

ஆயினும் தொழிற்சாலை வாசலை முதலில் எட்டியது இந்த நுட்பமான அழகுடைய பொருளன்று. கல்கரிப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சிமிசு குழுவினர் ஆக்கிய கால்ஃப்-20, நாகம், ஒட்சலேற்று, திரையசோல் ஆகிய எளிய கூறுகளால் ஆனது. அதில் அமீன் இல்லை. அது காபனீரொட்சைட்டைப் பௌதிக முறையிலேயே, மூலுக்கு 40 கிலோயூலுக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்துடன் பிடிக்கின்றது. அதன் துளைகள் நீரைவிடக் காபனீரொட்சைட்டை விரும்புகின்றன. நேரடி நீராவியையும் அமில வாயுக்களையும் தாங்குகின்றன. 2021இல் வெளியான இவ்வாய்வின் பொருள், கனடாவில் வன்கூவருக்கு அண்மையிலுள்ள றிச்மண்ட் சீமெந்துத் தொழிற்சாலையின் புகையில் நாளொன்றுக்கு ஒரு தொன் என்ற அளவிற் சோதிக்கப்பட்டது. அதன் பிடிமானம் வேறுபல பொருள்களினதிலும் மெலிது. அம்மெலிவே அது எளிதில் விடுவதற்கும் காரணம்.

புகைபோக்கியை விட்டு நேரே வளியிலிருந்து பிடிக்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. ஐதாக இருப்பதனாற் சக்திச் செலவு நூறு மடங்காகும் எனப் பலர் எண்ணுவர். வெப்பவியக்கவியல் அவ்வாறு சொல்லவில்லை. 12 வீதப் புகையிலிருந்து பிரிக்கக் குறைந்தபட்சம் மூலுக்கு ஐந்து கிலோயூலுக்குச் சற்று மேல் வேண்டுமாயின், 0.04 வீத வளியிலிருந்து ஏறத்தாழ 20 வேண்டும். செறிவு முந்நூறு மடங்கு குறைய, கோட்பாட்டுச் செலவு நான்கு மடங்கை எட்டாது. உண்மையான சுமை வேறிடத்தில் உள்ளது. ஒரு தொன் காபனீரொட்சைட்டு வேண்டுமாயின் 13 இலட்சம் கனமீற்றர் வளியை விசிறியால் இழுக்க வேண்டும். அவ்வளவு வளியிலும் ஈரம் உண்டு, ஒட்சிசன் உண்டு. யாகியின் குழுவினர் 2024இல் வெளியிட்ட, அமீன்களைத் துளைச் சுவரிலிருந்தே வளர்த்த பங்கீட்டுவலுச் சேதனச் சட்டகம், பேர்க்கிலி நகரின் திறந்த வளியில் நூறு சுற்றுக்களைக் குறிப்பிடத்தக்க இழப்பின்றித் தாங்கியதும், ஏறத்தாழ 60 பாகையிலேயே வாயுவை விட்டதும் அதனாற்றான் பாராட்டப்படுகின்றன. 60 பாகை என்பது சூரியவெப்பத் தகடு ஒன்று தரக்கூடிய சூடு. ஆனால் நூறு சுற்று இன்னும் நூறு சுற்றுத்தான்.

ஐசுலாந்தில் 2024இல் திறக்கப்பட்ட மமத் நிலையம் அமீன் பூட்டிய திண்மங்களைக் கொண்டு வளியிலிருந்து ஆண்டுக்கு 36,000 தொன் பிடிப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. அங்கு பூமிவெப்பம் மலிவு. பிடித்த வாயுவை நீரிற் கரைத்துக் கருங்கற்பாறையினுள் செலுத்தினால் அது கல்லாகிவிடுகின்றது. முன்னோடிச் சோதனையொன்றில் இரண்டு ஆண்டுகளுக்குள் 95 வீதத்துக்கு மேல் கனியமாகியதென 2016இல் அறிவிக்கப்பட்டது. வாயு திரும்பவும் சுண்ணக்கல்லாகும் அக்காட்சி கவர்ச்சியானது. ஆனால் 36,000 தொன் என்பது உலகின் ஆண்டு வெளியீட்டில் ஏறக்குறைய மில்லியனில் ஒரு பங்கு. அந்நிலையம் முழு அளவில் இயங்கினாலும் ஆண்டில் முப்பது செக்கன்களின் வெளியீட்டையே அது ஈடுசெய்யும்.

இனிப் பொருளாதாரத்தைத் தொடாது விட முடியாது. இன்று உலகெங்கும் இயங்கும் பிடிப்பு நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மில்லியன் தொன். அதிற் பெரும்பகுதி, எண்ணெய்க் கிணறுகளினுள் செலுத்தப்பட்டு, வெளிவர மறுக்கும் எண்ணெயை உந்தி வெளியேற்றப் பயன்படுகின்றது. ரெக்சாசில் 2017இல் தொடங்கிய பெற்றா நோவா நிலையம் நிலக்கரிப் புகையிலிருந்து பிடித்ததை எண்ணெய் வயலுக்கே அனுப்பியது. 2020இல் எண்ணெய் விலை வீழ்ந்தபோது பிடிப்பு நிறுத்தப்பட்டது. 2023இல் மீண்டும் தொடங்கியது. வளிமண்டலத்தின் தேவை அவ்விடைக்காலத்திற் குறையவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், பிடித்ததை நிலத்தடியிற் புதைத்தால் தொன்னுக்கு 85 டொலரும் எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினால் 60 டொலரும் வரிச்சலுகை தந்தது. 2025இல் அவ்வேறுபாடும் நீக்கப்பட்டு, இரண்டுக்கும் ஒரே சலுகை என்றாயிற்று. மூலக்கூறு எந்தத் துளையிற் பிடிபடுகின்றது என்பதை இரசாயனம் தீர்மானிக்கும். பிடிபட்ட பின் எங்கே செல்லும் என்பதைத் தீர்மானிப்பது இலாபம். இலங்கையர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன்; அமெரிக்கர் ஒருவருடையது பதினான்கு தொன் அளவு. இக்கருவிகளுக்கான செலவை எவர் ஏற்பது என்னும் வழக்கு இவ்வெண்களிலிருந்து தொடங்க வேண்டும்.

எமது கருத்தில், நிலக்கரி நிலையத்துக்குப் பிடிப்புக் கருவி பூட்டுவது அந்நிலையத்துக்கு ஆயுள் நீட்டிப்பதாகவே பெரும்பாலும் முடியும். மின்னைக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் பெறலாம். ஆனால் சீமெந்தின் கதை வேறு. சுண்ணக்கல்லைச் சுடாமற் சீமெந்தின் முதற்பொருளான கிளிங்கரைச் செய்ய முடியாது. சூளையை வெயிலாலேயே சூடாக்கினாலும், ஒரு தொன் கிளிங்கருக்கு அரைத் தொன்னுக்குச் சற்று மேலான காபனீரொட்சைட்டு கல்லிலிருந்தே வெளிவரும். கால்ஃப்-20 போன்ற பொருள்களுக்குரிய இடம் அத்தகைய புகைபோக்கிகளே.

இவ்விரு நிலைமைகளையும் இலங்கையில் ஒரே மாவட்டத்திற் காணலாம். புத்தளத்தில், மாற்றீடு செய்யக்கூடிய நுரைச்சோலை நிலையமும், அருவக்காட்டுச் சுண்ணக்கல்லைச் சுட்டு மாற்றீடு எளிதில் இல்லாத தொழிலை நடத்தும் சீமெந்துச் சூளையும் உள்ளன. நுரைச்சோலையின் பறக்கும் சாம்பல் சீமெந்து உற்பத்தியிற் சேர்க்கப்படுகின்றது. அந்த அளவுக்குக் கிளிங்கரின் தேவையும், கல்லிலிருந்து வெளிவரும் வாயுவும் குறைகின்றன. நிலக்கரி நிலையம் மூடப்படும்போது அச்சாம்பலும் நின்றுபோகும். அப்போது அவ்விடத்தை நிரப்புவது சுட்ட களிமண்ணா, வேறு கனியமா, அன்றிச் சூளைவாயிற் பூட்டப்படும் ஒரு நுண்துளைப் படுகையா என்பது இன்னும் கணிக்கப்பட வேண்டியிருக்கின்றது.